மூடி இல்லாத பாட்டில்கள்

பாட்டில்களில் தண்ணீர் குறைந்திருந்தது.

நிடியா குனிந்து பார்த்தாள். அம்மாவின் அறைக் கதவை ஒட்டி நேற்று அவள்தான் வரிசையாக வைத்தாள். கழுத்துவரை நிரப்பியது நன்றாக நினைவிருந்தது. இப்போது எல்லாமே பாதிக்கு வந்திருந்தன. வெயில் குடித்திருக்கும் என்று நினைத்தாள். மக்தலேனா ஆற்றங்கரையில் வெயில் எதைத்தான் விட்டுவைக்கிறது. ஆனால் அந்த நடைக்கூடத்தில் வெயில் விழுவதே இல்லை.

எல்லாம் நாய்க்குட்டியால் வந்தது. செத்துப்போன அம்மா எர்சிலியாவுக்காக நிடியா ஒன்பது இரவு ஜெபமாலை சொல்லி முடித்து, செத்த ஆன்மாவின் தாகத்துக்கென்று படத்தின் முன் வைத்திருந்த தண்ணீர்த் தம்ளரைத் தெருவில் கொட்டி, அறையைப் பூட்டிய மறுநாள், பக்கத்து வீட்டு யோலிமா தன் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கரும்பு வெல்லத்தின் நிறம். அதனால் நிடியா அதற்குப் பனேலா என்று அந்த வெல்லத்தின் பெயரையே வைத்தாள். அம்மா செத்ததற்கு நிடியாவுக்கு அழுகை வரவில்லை, அழுகை வராததற்கு வெட்கமும் வரவில்லை, மரத்துப்போன காலைத் தூக்கி வைப்பது போலத்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளினாள். குட்டியின் ஈர மூக்கு உள்ளங்கையில் பட்டபோது மட்டும் லேசாக ஏதோ உறைத்தது. இதை அடிக்காமல், மிரட்டாமல் பழக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

அம்மா பழக்கிய விதம் வேறு. சின்ன வயதில் நிடியா படுக்கையை நனைத்தால், அம்மா நடைக்கூடத்தில் செய்தித்தாளை விரித்து இரண்டு முறை கைதட்டுவாள். வாயைத் திறக்க மாட்டாள். ஈர உடுப்பு காயும்வரை நிடியா அந்தத் தாளின் மேல் நிற்க வேண்டும்.

நிடியா முற்றத்தில் தாள் விரித்தாள். பால் குடித்ததும் குட்டியைத் தூக்கிப்போய் அதில் விட்டாள், தூங்கி எழுந்ததும் விட்டாள். பனேலா தாளை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடிப்போய் அம்மாவின் கதவடியில்தான் ஒன்றுக்கு இருந்தது. எத்தனை முறை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் அதே இடம்.

மதில் மேல் துணி உலர்த்திய யோலிமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்கம்மா இருந்திருந்தா குட்டி இந்நேரம் ஜெபமே சொல்லியிருக்கும்டி."

"அது மாதிரி பழக்கத்தான் எனக்கு இஷ்டமில்ல."

"அப்ப பாட்டில்ல தண்ணி வை. தெருவுல அத்தன வாசல்லயும் வெச்சிருக்காங்களே, பாக்கல? நாய் கிட்டயே வராது."

வைத்தாள். மூடிகளைத் தேடச் சோம்பலாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டாள். பனேலா அதன் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

இப்போது தண்ணீர் குறைந்ததையும் யோலிமாவிடம்தான் போய்ச் சொன்னாள். யோலிமா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"மூடி போடாமலா வெச்ச?"

"நாய்க்குத்தானே."

"அன்னைக்குத் தம்ளரை எதுக்குடி தெருவுல கொட்டினோம்? குடிச்சது போதும், கிளம்புங்கன்னுதானே. செத்தவங்க வாசல்ல திறந்த தண்ணி வெச்சா, வந்து குடின்னு கூப்பிடற மாதிரி. போ, முதல்ல அதை எடு. குட்டியைத் தூக்கிட்டு இங்க வந்துடு."

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் மதிய நேரம். வீட்டுக்குள் பழைய ஃப்ரிட்ஜ் முனகியது, நடைக்கூடத்தில் பினாயில் வாடை, அதற்கு அடியில், அம்மா முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் மூலிகைச் சாராயத்தின் வாடை, நேற்றுத் திறந்த புட்டியிலிருந்து வருவது போல. பாட்டில்கள் காலியாக இருந்தன. ஒரு சொட்டுக்கூட இல்லை.

முற்றத்தில் விரித்த தாள் இப்போது நடைக்கூடத்தில் கிடந்தது. ஒரு மடிப்புகூட இல்லாமல். மூலைகள் நீவிவிடப்பட்டு.

அவள் விரிக்கவில்லை.

"பனேலா, வாம்மா. போயிடலாம்."

குட்டி அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தது.

பூட்டிய அறைக்குள் யாரோ கைதட்டினார்கள். இரண்டு முறை.

பனேலா வாலை ஒடுக்கிக்கொண்டு நேராகத் தாளுக்குப் போனது. நடுவில் உட்கார்ந்தது. சிறுநீர் கழித்தது. அசையவில்லை.

தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவ்வளவுதான். நிடியா கையை நீட்டினாள். கை போகவில்லை. பயம்கூட எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ வந்த பயம் போல இருந்தது.

மறுபடி கைதட்டல். இரண்டு முறை.

தொடையில் சூடாக ஏதோ வழிந்தது.

கால்கள் நகர்ந்தன. அவளைக் கேட்கவில்லை.

பனேலா சற்று ஒதுங்கி, தாளில் அவளுக்கு இடம் விட்டது.