கை வெளியே

நீலக் கைகள் நடுங்கின.

தன் கைதான் நடுங்குகிறது என்று முதலில் நினைத்தாள். தொழிற்பயிற்சி வகுப்பில் அவளுக்கு 'நடுக்கம்' என்றே பெயர். டீயைக் கொடுத்தால் பாதி தரைக்குப் போகும் என்பார்கள். ஆனால் அவள் கைகள் மடியில் இருந்தன. பிரஸ் மெஷின் மேல், அவள் மாட்டியிருந்த பயிற்சிக் கண்ணாடிக்குள் மட்டும் தெரிகிற வழிகாட்டிக் கைகள்தான் தகட்டைப் பிடித்தபடி உதறின. தேர்ந்த ஆபரேட்டர் ஒருவர் வேலை செய்ததைப் பதிவு செய்து உருவாக்கிய கைகள் அவை. நேற்று வரை கல் மாதிரி நின்றவை.

"அண்ணே, கண்ணாடில ஏதோ கோளாறு."

"கோளாறு உன் பயத்துலம்மா," என்றார் லேப் டெக்னீஷியன், குடையைத் தேடியபடி. "மெயின் ஆஃப்ல இருக்கு. அந்தக் கைக்குள்ள உன் கைய வெச்சுப் பழகு. நாளைக்குப் பரீட்சைல கரண்டோட செய்யணும். ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

நாளை கோட்டை விட்டால் ஒரு வருடம் போச்சு.

மெயின் சுவிட்ச் வராந்தாவில் இருந்தது. அதைப் போடுமுன் அவர் அங்கிருந்தே "கை?" என்று கேட்பார். உள்ளேயிருந்து "வெளியே" என்று பதில் வந்தால்தான் சுவிட்சைத் தொடுவார். கண்ணாடிக்குள் ஓடும் பாடத்திலும் அந்தக் கேள்வி உண்டு. காலையிலிருந்து கண்ணாடிக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் வாயே வலித்தது.

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருக்க, ஈரமும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏற, திறந்திருந்த இரும்பு வாய்க்குள், நடுங்கும் அந்த நீலத்துக்குள், அவள் மெதுவாகத் தன் கைகளை நுழைத்தாள். பாடம் சொன்னபடி வலது கால் பெடலில். கரண்ட் இருக்கும்போது அதை மிதித்தால் அந்த இரும்பு வாய் மூடும்.

நடுக்கம் நின்றது. நீலக் கைகளிலும், அவள் கைகளிலும். பிறந்ததிலிருந்து இப்படி அசையாமல் இருந்ததில்லை. சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது. அம்மாவிடம் காட்ட வேண்டும்.

போதும் என்று கைகளை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். தோள் அசைந்தது. முழங்கை அசைந்தது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. குளிர் மட்டும்.

படம்தானே. வெறும் படம்தானே. தலையை வேகமாக உதறினாள். கண்ணாடி கழன்று தரையில் விழுந்தது.

நீலக் கைகள் போகவில்லை.

வராந்தாவில் ஈரச் செருப்புச் சத்தம். டெக்னீஷியன்! அப்பாடா என்று உயிர் வந்தது. ஒரு வார்த்தை போதும். அவர் சுவிட்சைத் தொடவே மாட்டார்.

"கை?"

அவள் வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து மூன்றாவதாக ஒரு நீலக் கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

தரையில் கிடந்த கண்ணாடி, அவள் குரலிலேயே, பளிச்சென்று சொன்னது: "வெளியே."

"பார்றா!" அவர் சிரித்தார். "குரல்ல நடுக்கமே இல்லையே!"

டக்.

மெஷின் உறுமியது. பெரிய சக்கரம் தலைக்கு மேல் சுழலத் தொடங்கியது. இரும்பு வாய்க்குள் அவள் கைகள், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைகளாக, அசையாமல் இருந்தன.

அவள் குனிந்து பார்த்தாள்.

பெடல் மேல், அவள் கால் நடுங்கத் தொடங்கியிருந்தது.