பல்லில் சிக்கிய தோல்!

“ஐயோ...!”

நிஷாந்தியின் அலறலில் யட்டவத்தை ஊரே கூடிவிட்டது.

மிளகுத் தோட்டத்தில் அவள் கணவன் பவித்ரன் குப்புறக் கிடந்தான். கழுத்தில் கத்தி வெட்டு! பக்கத்தில் நாய் ஜிம்மி... முதுகுத் தோல் கிழிந்து, வாயெல்லாம் ரத்தமாய்!

பவித்ரன் போய்விட்டான். ஜிம்மிக்கு மூச்சு இருந்தது.

பொலிஸ் அலைந்து ஓய்ந்தது. நிஷாந்தி ஓயவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புருஷனை வெட்டிய ஆள்!

மாத்தளை மிருக கிளினிக்கில் டாக்டர் வாகினி, வேறொரு நாயின் வயிற்றுக் கொழுப்பில் ஸ்டெம் செல் எடுத்து, வளர்த்து, ஜிம்மியின் காயத்தைச் சுற்றி ஊசியாய் ஏற்றினார். உள்ளங்கை அகலக் காயம் சுருங்கத் தொடங்கியது.

“இஞ்ச பாருங்கோ, புதுத்தோல் வந்திட்டுது!” என்றார் டாக்டர்.

நிஷாந்தி போனில் படம் பிடித்தாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள்.

“அடேயப்பா! துளியூண்டு கொழுப்புல இருந்தா தங்கச்சி இவ்வளவு தோலு?” பக்கத்துத் தோட்டத்து அழகையா வாயைப் பிளந்தான். ஓடியாடிப் பந்தி பரிமாறியவனும் அவன்தான்.

“இது என்னண்ணே! ஜிம்மி பல்லுல கொலைகாரனோட தோலு மாட்டியிருந்திச்சு. சோதிக்கப் பத்தாதாம். டாக்டரம்மா அதையும் இப்படித்தான் வளக்குறாங்க. பௌர்ணமிப் போயா லீவு முடிஞ்சதும் பொலிசுக்குக் குடுத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்!”

பந்தி மொத்தமும் மூக்கில் விரல் வைத்தது.

போயா விடுமுறை. கிளினிக் பூட்டியிருந்தது. பட்டப்பகல்...

சிலீர்! பின் ஜன்னல் உடைந்தது.

உள்ளே குதித்த உருவம் இன்குபேட்டரைத் திறந்து, குப்பியை எடுத்து, தொட்டியில் கவிழ்க்கப் போனது.

“அசையாதை!”

அலுமாரிக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் இராசலிங்கம் பாய்ந்தார். பின்னாலேயே டாக்டரும் நிஷாந்தியும்.

அகப்பட்டவன்... அழகையா!

“நீங்களாண்ணே?”

“சும்மா... நாயப் பாக்க வந்தேன்...”

“ஜன்னலாலயோ?” இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் கையைச் சுருட்டினார். சீழ் வைத்த பல் தடங்கள்!

அழகையா உடைந்தான். “எல்லைத் தகராறுல ஆத்திரம்... வெட்டிப்புட்டேன்! அந்த நாய் சனியன் கைய விடல...”

பளார்! நிஷாந்தியின் அறை. ஆத்திரம் தீரவில்லை. இன்னொன்று!

“டொக்டர், இவன்ட தோல் எந்தக் குப்பியில?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

டாக்டர் விழித்தார். “எந்தத் தோல்? பல்லில ஒண்டும் இருக்கேல்லையே! இதில இருக்கிறது நாய்க் கொழுப்பில வளத்த செல்!”

இரண்டு பேரும் நிஷாந்தியைப் பார்த்தார்கள்.

“நான் கட்டிவிட்ட கதைதான் சேர். டாக்டரம்மாகிட்ட கள்ளன் வருவான்னு மட்டுந்தான் சொன்னேன். வெட்டினவன் மட்டுந்தானே அதத் தேடி வருவான்?”

விலங்கு மாட்டும்போது அழகையா முனகினான். “கை வலிக்குது... டாக்டரம்மா, ஒரு ஊசி...”

நிஷாந்தி குறுக்கே வந்தாள்.

“மன்னிச்சிருங்கண்ணே! இங்க நாய்க்கு மட்டுந்தான் வைத்தியம். அந்தத் தகுதி உங்களுக்கு இல்ல!”