சும்மா வந்த பொழுது

மெகருன்னிசா மறுபடியும் கதவைத் தட்டினாள். உள்ளே பாடிக்கொண்டிருந்த வானொலி நின்றதே தவிர, கதவு திறக்கவில்லை.

"தேவண்ணே, நான்தான்."

"தூக்கம் வருதும்மா. நாளைக்குப் பாக்கலாம்."

பொழுது சாய்வதற்குள் என்ன தூக்கம்? சுண்டல் கிண்ணத்தோடு அவள் வாசலிலேயே நின்றாள்.

எண்ணூர்க் கடலோரத்தில் இருந்த அந்த அடுக்ககத்தில் அக்கம்பக்கத்தாருக்குள் பணம் செல்லாது, பொழுதுதான் செல்லும். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பொழுதுக்காப்பு கிடந்தது. இன்னொருவர் வீட்டு நிலைப்படியைத் தாண்டினால் அது மெல்ல அதிர்ந்து, "என்ன வேலை?" என்று கேட்கும். பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே போனால், அங்கே கழியும் நேரம் வந்தவர் கணக்கில் ஏறும், வீட்டுக்காரர் கணக்கில் இறங்கும். குழாய் பழுது பார்க்கும் மெகருன்னிசாவின் ஒரு மணியும் மேல்தளத்துப் பல் மருத்துவரின் ஒரு மணியும் அதற்கு ஒன்றுதான்.

எதிர்வீட்டுத் தேவசகாயம் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். லிஃப்டுக்குள் நுழையாத பீரோக்களைச் சுவரில் கீறல் விழாமல் படிவழியே இறக்கிக் கொடுத்துப் பொழுது சேர்த்திருந்தார். கண்ணில் புரை விழுந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

"என்மேல கோவமாண்ணே?"

கதவு ஒரு விரல்கடை திறந்தது. "கோவமெல்லாம் இல்லம்மா. கட்டுப்படியாகல."

"எது? தினம் வந்து நான் குடிக்கிற டீயா?"

"பொழுது." இடுக்கு வழியே அவருடைய கை மட்டும் வெளியே வந்தது. காப்பின் முகப்பில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது: துணையிருத்தல், மெகருன்னிசா. "கண் ஆபரேசனுக்கு அப்புறம் கூட ஆள் வச்சுக்கச் சேத்தது. நேத்துதான் பாத்தேன், துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. வேலையாத்தான் வர்றேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நீ சிரிச்சதுகூட வேலைதானோன்னு ஆயிடுச்சு."

"நான் எப்போ வேலைன்னு சொன்னேன்? தினமும் அது கேக்கும், சும்மான்னுதானே சொல்லுவேன்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காப்பின் அகராதியில் சும்மா என்றொரு வேலை இல்லை. இல்லாத வேலைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை அதுவாகவே தேடி எழுதிக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்கக் குழாய் வேலை என்று ஊர்ப்பட்ட வீடு ஏறி இறங்குகிறவள் தன் கணக்கை என்றைக்குப் பார்த்தாள்?

"எல்லாத்தையும் அவருக்கே திருப்பிக் குடு," என்று காப்பிடம் சொன்னாள்.

"வேலையின்றிப் பொழுது கைமாறாது," என்றது அது.

மெகருன்னிசா கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். "செருப்பப் போடுங்க."

"எங்க?"

"என் வீட்டுக்கு. கேக்காம வாங்கண்ணே."

அவள் வீட்டு நிலைப்படியில் அவருடைய காப்பு அதிர்ந்தது. "என்ன வேலை?"

தேவசகாயம் அவளைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவரைப் போல வெட்கத்தோடு, "சும்மா," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சுண்டலில் உப்பு போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே தின்று முடித்தார். பொழுது சொட்டுச் சொட்டாக அவரிடம் திரும்பிக்கொண்டிருந்தது.

கண் அறுவை முடிந்ததும் அவள் கணவன் கபீர், "இங்கயே படுத்துக்கட்டும்," என்று கூடத்தில் கட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல இரவுப்பணிக்குக் கிளம்பினான். தேவசகாயம் கண்ணில் கட்டோடு கிடந்தார். அவள் கஞ்சி ஊட்டினாள், கை பிடித்து நடத்தினாள். அது அவளுடைய சொந்த வீடு என்பதால் காப்பு அதில் எதையும் வேலையாக எண்ணவில்லை. கிடந்தவர் கணக்கோ தூக்கத்திலும் ஏறிக்கொண்டே போனது. மாத முடிவில் அடுக்ககத்து அறிவிப்புத் திரையில் அவர் பெயர் மின்னியது: ஓயாத உழைப்பாளி தேவசகாயம்.

"குறட்டைக்குக் குடுத்தாங்களோ?" என்றாள் மெகருன்னிசா.

"பொறாமைப்படாத. சொட்டு மருந்த விடு."

அவள் குனிந்து மருந்து விட்டபோது அவளுடைய காப்பு அதிர்ந்தது. "நீங்கள் பெற்றுக்கொண்டது மிகுதி. பிறருக்குக் கொஞ்சம் கொடுக்கப் பழகுங்கள்."

"பாரேன், உன்னப் போய்..." அவர் கோபத்தோடு எழப்பார்த்தார். "கமிட்டில சொல்லித் திருத்தச் சொல்லணும் இத."

கபீர் வேலைக்குப் போன பிறகு இந்தக் கூடத்தில் தட்டு வைக்கும் ஓசையைத் தவிர எதுவும் கேட்காமல் கழிந்த மாலைகளை அவள் நினைத்துக்கொண்டாள். வழிந்த மருந்தை முந்தானையால் ஒற்றினாள்.

"வேணாண்ணே," என்றாள். "அது சரியாத்தான் அளக்குது."