ஊதிப் பார்த்தவர்

ஊதிய மூச்சு திரும்பி வரவில்லை.

பழைய கிராமபோன் ரிப்பேரில் மெக்கானிக் பார்க்காத கோளாறு கிடையாது, இது மட்டும் புதிதாக இருந்தது. ஊசியைப் பிடித்திருக்கும் வட்டமான சவுண்ட் பாக்ஸுக்குள் மெல்லிய மைக்கா தகடு, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டால் பாட்டு தகரத்தில் மணல் கொட்டுவது போலக் கேட்கும். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதை மாட்டியதும், பின்பக்கத் துளையில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பது அவர் பழக்கம். கசிந்தால் கன்னத்தில் காற்று படும். கசியாவிட்டால் மூச்சு முட்டி வாய்க்கே திரும்பும். மனைவியின் தம்பி எப்போதும் கிண்டலடிப்பான்: "மாமா, ரிப்பேர் பண்றீங்களா, கச்சேரி பண்றீங்களா?"

அன்று அவன் கிண்டலடிக்கவில்லை. யாரோ வாடிக்கையாளருடையது என்று கிராமபோனை முன்னறையில் வைத்துவிட்டு, சவுண்ட் பாக்ஸை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தவன், வேலை அறையின் வாசலிலேயே நின்று அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று கசியவும் இல்லை, திரும்பவும் இல்லை. கிணற்றில் போட்ட கல்லாக உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. மறுபக்கம் யாரோ நிதானமாக, வெகுநாள் தாகத்தோடு உறிஞ்சுவதைப் போலிருந்தது. பிடுங்கித்தான் வாயை எடுக்க வேண்டியிருந்தது.

"நல்லா அடைச்சிருக்கா, மாமா?"

"ம்." தொண்டை கரகரத்தது.

"எதுக்கும் இன்னொரு தடவ ஊதிப் பாத்துடுங்களேன்."

ஊதினார், பாவி மனுஷன். மச்சான் கேட்டு எதை அவர் மாட்டேன் என்றிருக்கிறார்? அவனுக்குக் கடை வைக்க இடம் கொடுத்தார், வீட்டில் அறை கொடுத்தார். மூச்சுதானா பெரிது!

வெயில் சாய்வதற்குள் குரல் போய்விட்டது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. கேட்காமலே மனைவி வெந்நீருடன் வந்து நின்றாள்.

"பேசாதீங்க. கொஞ்ச நேரம் படுங்க," என்றாள்.

தொண்டைக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. சவுண்ட் பாக்ஸை முந்தானையில் பொத்தி எடுத்துப் போனாள். அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது: தனக்குக் குரல் போனது இவளுக்கு எப்படித் தெரியும்?

முன்னறையில் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. ஸ்பிரிங் முறுக்கேறும் அந்த நெறுநெறுப்பு, தட்டு சுழலத் தொடங்கும்போது எழும் மெல்லிய முனகல், சூடேறிய எண்ணெயின் வாசனை, ஊசி இறங்கியதும் மழை தூரத்தில் பெய்வது போன்ற இரைச்சல், எல்லாம் அவருக்குப் பழகியவைதான். இரைச்சலுக்குள் யாரோ செருமினார்கள். செருமிவிட்டு நாக்கால் ஒரு 'த்ச்'.

போன வருஷம் செத்துப்போன மாமனார் அப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்.

"தொண்டை நல்லாருக்கேம்மா. யாரோடது?"

மாமனாரின் பேச்சு. குரல் மெக்கானிக்குடையது.

"உங்க மருமகனோடதுதாம்ப்பா," மனைவி சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை.

"அவரு ஊதித்தான் பாப்பாருன்னு அக்காதாம்ப்பா சொன்னா," என்றான் தம்பி.

"அப்ப அவருக்கு?"

"அவருக்கென்னப்பா, கையால வேல செய்யறவரு. வாய் எதுக்கு?" என்றாள் மனைவி.

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். தம்பிக்காரன் செய்திருந்தால் தாங்கியிருப்பார். இவளா? பக்கத்தில் படுத்து, பழக்கத்தையெல்லாம் பார்த்து வைத்து, கூட இருந்தே குழி பறித்தாளா? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லத்தான் வாய் எங்கே?

முன்னறைக்கு வந்தார். கத்தினார்.

சத்தமில்லை.

கிராமபோன் குழாயின் அகன்ற வாய் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"எல்லாம் நல்லா கேக்குதும்மா," என்றது அவருடைய குரல். "ஆனா ஒரே இருட்டா இருக்கே."

அக்காளும் தம்பியும் திரும்பினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. கண்களை மட்டும் பார்த்தார்கள்.

ஓட நினைத்தார். அதற்குள் தம்பி சுற்றிப் போய்விட்டான்; பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. அவன் கைகள் தோளில் இறங்கின.

மனைவி நெருங்கி வந்தாள். கன்னத்தை ஏந்தினாள். ஆசையாக. கட்டைவிரலால் கீழிமையை இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண். பிறகு மற்றது.

"துளிகூடத் தேயலப்பா," என்றாள்.