அடியில் போவது யார்?

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கூட மேடையில் ஒரு மலை எழும்பியது. அதைச் செய்த நாங்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஆனாலும் யாராவது இரண்டு பேர் போனில் பேசினால் போதும், பேச்சு சுற்றிச் சுற்றி அந்த மலைக்கே வந்துவிடும்.

பெற்றோர் வரும் நாளுக்காக அறிவியல் டீச்சர் ஒரு நாடகம் யோசித்திருந்தார். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை, பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது, அவை நகம் வளர்வதுபோல மெதுவாக நகர்கின்றன என்று சொல்லித் தந்தார்.

"ரெண்டு தட்டு மோதிக்கிட்டா என்ன ஆகும்?"

"சத்தம் கேக்கும் டீச்சர்," என்றான் கடைசி பெஞ்சு. அவன் எங்கே உட்கார்ந்தாலும் அவனுக்கு அதுதான் பெயர்.

"மலையும் வரும்டா. நிலத்தட்டும் கடல்தட்டும் மோதினா, கனமான கடல்தட்டு அடியில போயிடும். நிலத்தட்டு மடங்கி மடங்கி மேல எழும்பும்."

நிலத்துக்குப் பழுப்புத் துணி, கடலுக்கு நீலத் துணி. இரண்டையும் தைத்துக் கொடுத்தது என் நண்பன் மூட்டையின் அம்மா. தையல் கடையில் மிச்சமான துண்டுகளை ஒட்டுப்போட்டு, வகுப்பே உள்ளே நுழையும் அளவுக்குத் தைத்திருந்தார்.

மூட்டை என் பக்கத்து இடத்துக்காரன். கொஞ்சம் குண்டு. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. என் பெயர் ஈர்க்குச்சி. காரணம் சொல்லத் தேவையில்லை.

"கடல்தட்டா யாரு வர்றீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"கனமானதுதானே டீச்சர் அடியில போகணும்?" என்றான் கடைசி பெஞ்சு.

வகுப்பு மொத்தமும் மூட்டையைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் சிரித்தது. டீச்சர் அதட்டியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. வழக்கமாக மூட்டையும் எங்களோடு சேர்ந்து சிரிப்பான். அன்றைக்கு மேசையைப் பார்த்துக்கொண்டே, "சரி டீச்சர், நானே போறேன்," என்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில், "வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரும்," என்றான்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. உனக்கு எப்படி இப்பவே தெரியும்?"

"தெரியும். எங்கம்மா கடையை மூடிட்டு வர்றாங்க. அவங்க முன்னாடி எல்லாரும் அந்த மாதிரி சிரிச்சா..."

பாதியில் நிறுத்திவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தான்.

அன்று பாத்திரம் கழுவும் முறை எனக்கும் அண்ணனுக்கும். அவன் கழுவ வேண்டும், நான் துடைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவன் நுரையை ஊதி விளையாட, நானே கழுவித் துடைப்பதுதான் வழக்கம். காய் நறுக்கும் தடிப் பலகையைத் தொட்டித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. கையிலிருந்து ஒரு ஸ்பூன் நழுவியது. நேராக அடிக்குப் போய்விட்டது.

நான் பலகையைப் பார்த்தேன். ஸ்பூனைப் பார்த்தேன். ஈரக் கையோடு ஓடிப்போய் அறிவியல் புத்தகத்தைப் பிரித்தேன்.

"பாத்திரம்?" என்று அண்ணன் கத்தினான்.

"நீ கழுவு."

படத்தில் நிலத்தட்டு தடியாக இருந்தது. அதன் அடியில் நுழைந்த கடல்தட்டு மெல்லியதாக இருந்தது. அந்தப் படத்துக்கு நான் ஏற்கெனவே வண்ணம்கூடத் தீட்டியிருந்தேன். ஆனால் இதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் பலகையும் ஸ்பூனுமாகப் பள்ளிக்குப் போனேன். வகுப்பின் நடுவே ஒரு வாளித் தண்ணீரை வைத்து இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

"டீச்சர், தடியா இருக்கிறது மேலயே நிக்குது. மெல்லிசுதான் அடியில போகுது. புத்தகத்துலயும் அப்படித்தானே இருக்கு?"

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். கடலடித் தட்டு மெல்லிசு, ஆனா அந்தப் பாறை ரொம்பக் கெட்டி, அதனால கனம். நிலத்தட்டு தடிமன், ஆனா பாறை அதைவிட லேசு. அதான் மேலயே நிக்குது."

"அப்ப நான்தான் கடல்தட்டு, மூட்டைதான் மலை," என்றேன். "இன்னொரு ஒல்லி ஆள் வேணும்."

எல்லோரும் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றான் அவன். ஈர்க்குச்சிக்கு அடுத்த ஒல்லி அவன்தான்.

வெள்ளிக்கிழமை மூட்டைக்குக் காய்ச்சல் வரவில்லை. டீச்சர் எங்களை வரிசையாக நிறுத்தி, "மலை பேசக் கூடாது, கடலும் பேசக் கூடாது," என்று சொல்லி மேடைக்கு அனுப்பினார்.

நீலத் துணிக்குள் நானும் கடைசி பெஞ்சும் தவழ்ந்துபோய்ப் பழுப்புத் துணியை முட்டினோம். அது மடிந்தது. நாங்கள் அதன் அடியில் நுழைந்தோம். உள்ளே ஒரே இருட்டு. யாரோ என் விரலை மிதித்தார்கள். கடைசி பெஞ்சு மூன்று தடவை தும்மினான். எங்கள் தலைக்கு மேல் மூட்டை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்தான். துணி மடிப்பு மடிப்பாக அவனோடு எழும்பியது.

கைதட்டல் கேட்டது. எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றான் கடைசி பெஞ்சு.

அப்போது மேலேயிருந்து மலை குனிந்து ரகசியமாகச் சொன்னது. "ஈர்க்குச்சி, எங்கம்மா எழுந்து நின்னு தட்டுறாங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ நிஜ மலைகளைப் பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றுகூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.