கை கழுவும் தொட்டி

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் விடுதியில் யாரும் திராட்சை தின்னவில்லை. ஆனாலும் கதவைத் திறந்ததுமே றிஸ்லாவுக்குத் அந்த மூச்சில் திராட்சை மணத்தது.

துறைமுகப் பக்கமிருந்து மாரி மழை யன்னல்களில் அடிக்க, கிருமிநாசினி நெடிக்கும் ஈரத் துணி வாடைக்கும் அடியில் அந்த இனிப்பு மணம் மெல்ல ஊர்ந்து வந்தது. ஆய்வுகூடத்தில் அவள் நாளும் முகரும் மணம்தான் அது. தட்டில் வளரும் ஒரு பொல்லாத கிருமியின் மணம். தட்டுக்குள் இருக்கவேண்டியதற்கு இங்கே என்ன வேலை?

காலையில் பார்த்த தட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. தட்டில் வைக்கும் மருந்து வில்லைகளில், மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வளையம் விழும். ஒரேயொரு வில்லைக்குத்தான் விழுந்திருந்தது. ஒரு வருடப் பரிசோதனை முடிவுகளைக் கட்டில்வாரியாகக் கணினியில் போட்டுப் பார்த்தாள். மருந்துக்கு மசியாத கிருமிகள் எல்லாம் கை கழுவும் தொட்டியடிக் கட்டில்களில் குவிந்திருந்தன. இப்போது அங்கே கிடப்பது அவள் தங்கை மின்ஹாவின் பிள்ளை. காலைத் தட்டில் வளர்ந்ததும் அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் இருந்த கிருமிதான்.

தாதி பிரசாந்தி ஊசிமருந்துக் குப்பியைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

"என்ன ஊத்துறீங்கள்?"

"மிச்ச அன்ரிபயோட்டிக், மிஸ். எப்பவும் இதுக்குள்ளதானே ஊத்துறனாங்கள். குழாயும் சுத்தமாகும்."

றிஸ்லா தொட்டியின் வடிகுழிக்குள் எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடமும் ஒவ்வொரு மருந்தையும் சொட்டுச் சொட்டாகக் குடித்துப் பழகி, கீழே இருட்டில் ஒன்று வளர்ந்திருக்கிறது.

"இனி ஒரு சொட்டும் ஊத்தக்கூடாது. தொட்டியைப் பூட்டுவம்."

"பெரிய டொக்டரைக் கேக்காமல் ஏலாது, மிஸ்."

"அவரோட நான் கதைக்கிறன். முடிவுகளை முகத்துக்கு நேர காட்டுறன்."

பிளாஸ்டரை இழுத்து இழுத்து வடிகுழியின் மேல் ஒட்டினாள். குழாய் பூட்டியிருந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ விழுங்கியது.

களக்.

பிளாஸ்டர் உப்பியது. இன்னொரு பட்டை ஒட்டினாள். இன்னொன்று. கட்டிலை யன்னலடிக்குத் தள்ளினாள். டொக்டருக்கு அழைத்து, வளையம் விழுந்த அந்த ஒரே மருந்தின் பெயரைச் சொன்னாள். தொடங்கச் சொன்னார்.

"ராத்தா, காய்ச்சல் விடுமா?" கட்டிலோடு வந்த மின்ஹா அக்காவின் கையைப் பிடித்தாள்.

"விட வைப்பம். நான் இருக்கிறன்."

மருந்து சொட்டத் தொடங்கியது.

பின்னால் பிளாஸ்டர் கிழிந்தது. அவள் திரும்பவில்லை.

"வா," என்றாள் பல்லைக் கடித்து. "வந்து பார்."

பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். நெருப்பாய்ச் சுட்டது. சின்ன வாய் திறந்தது.

கொட்டாவி.

திராட்சை மணத்தது.