நனையாத துணி

தாவூஸ் உள்ளே வந்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வக்கீல் ஜுலைக்கா அவள் முன்னால் காபியை நகர்த்தினாள். தாவூஸ் அதைத் தொடவில்லை. அல்ஜீரியாவின் ஸெத்திஃப் நகரில் மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை. ஜன்னலுக்கு வெளியே டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

"நேத்து நிபுணர் வந்து சாட்சி சொல்லிட்டாரு. அதோட எல்லாம் முடிஞ்சுது," என்றாள் தாவூஸ். "எங்க வக்கீலே சொல்றாரு, உன் தங்கச்சிய ஒத்துக்கச் சொல்லு, தண்டனையாவது குறையும்னு."

"நுவாரா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. புருஷன் செத்த அன்னிலேருந்து அப்படித்தான். நீதான் செஞ்சியான்னு நானே கேட்டேன். சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கா."

பக்கத்து மேசையில் இருந்த ஹவ்வாஸ் எழுந்து வந்தான். ஜுலைக்காவின் அலுவலகத்தில் கூட்டாளி. நல்ல வக்கீல், ஆனால் வாயைக் கட்டத் தெரியாதவன். "மேடம், நேத்து நான் அந்தக் கோர்ட்லதான் இருந்தேன். என் வழக்கு வர்ற வரைக்கும் முழுசாக் கேட்டேன். நிபுணர் பேசினப்போ ஈ பறக்கிற சத்தம்கூட இல்ல."

"அவர் சொன்னதை மட்டும் சொல்லு. நீ நினைச்சது அப்புறம்."

ஹவ்வாஸ் சொன்னான். நுவாராவின் கணவர் அப்துல்ஹக் தன் படுக்கையறையில் கேஸ் ஹீட்டரின் விஷவாயுவால் இறந்திருக்கிறார். முந்தைய மாலை புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. நுவாரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள். காலையில் வந்த தீயணைப்புக்காரர்கள் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, புகைக்குழாயின் வாயில் ஒரு துணி திணிக்கப்பட்டிருந்தது. நுவாராவின் சமையலறைத் துணி.

"எஞ்சினியர் பூகர்ரா அந்தத் துணியைப் பையோட தூக்கிக் காட்டினாரு. 'சிவப்புக் கோடு போட்டது, காய்ஞ்சு சுத்தமா இருந்தது, சோப்பு வாசனைகூடப் போகல'ன்னாரு. குழாய்க்கு மேல்மூடி கிடையாது, எப்பவோ காத்துல பறந்துடுச்சாம். திணிக்கிறது சுலபம்னாரு. அறைக்குள்ள குழாய் இணைப்பு டேப் சுத்தி உறுதியா இருக்கு, ஹீட்டர்லயும் கோளாறு இல்ல, அதனால சாவுக்குக் காரணம் துணிதான்னு முடிச்சுட்டாரு."

"அப்புறம்?"

"செத்தவரோட தம்பி லாயித் கூண்டுல ஏறினான். அதே வீட்டு மேல்மாடில அம்மாவோட இருக்கறவன். நுவாரா அலறினதும் முதல்ல ஓடி வந்தது அவன்தானாம். ஹீட்டரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துட்டு, தீயணைப்புக்குப் போன் பண்ணினானாம். மொட்டை மாடிக்குப் போகவே இல்லன்னான். பாவம், பேசவே முடியல அவனால. 'குழாய் கழண்டா கேஸ் உள்ள வரும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும், அவளுக்குத் தெரியாதா'ன்னு அழுதான்."

ஜுலைக்கா தலை நிமிர்ந்தாள். "எப்படிச் சொன்னான்? திரும்பச் சொல்லு."

"குழாய் கழண்டான்னு... அடைஞ்சான்னு சொல்ல வந்திருப்பான். துக்கத்துல வாய் குளறாதா?"

"குளறலாம்," என்றாள் ஜுலைக்கா. காபியைத் தாவூஸின் கையிலேயே எடுத்துக் கொடுத்தாள். "குடிங்க. ஆறிப்போகுது."

சிறையில் நுவாரா கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரோ தூரத்தில் இருப்பவரைப் பற்றிய பேச்சைப்போல ஒவ்வொரு கேள்வியையும் காதில் வாங்கினாள், மெதுவாகப் பதில் சொன்னாள்.

"அன்னிக்கு ராத்திரி வானம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் ஜுலைக்கா.

"பனியும் மழையுமாக் கொட்டிச்சு. சமையலறைத் தகரத்துல சத்தம், தூக்கமே வரல. விடியறப்பதான் நின்னுச்சு."

"அந்தச் சிவப்புக் கோட்டுத் துணி?"

"சாயங்காலம் துவைச்சு அடுப்புக்கு மேல போட்டேன்." மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள். "காலைல என் பொண்ணு ரீமா பால் குடிச்சா. அதாலதான் வாயைத் துடைச்சு விட்டேன். நாற்காலி மேல போட்டுட்டு அவரை எழுப்பப் போனேன்."

ஹவ்வாஸ் துள்ளி எழுந்தான். "காலைலயா? இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"கேக்கலைன்னா சொல்ல மாட்டியா? உன் தலைதானேம்மா போகப் போகுது!"

"ஹவ்வாஸ், உக்காரு," என்றாள் ஜுலைக்கா. "நுவாரா, நீ அலறினதும் என்ன ஆச்சு?"

"லாயித் வந்தான். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க என்னையும் ரீமாவையும் தெருவுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் உள்ள போகவே விடல."

"அந்த ஹீட்டரை யார் மாட்டினது?"

"லாயித். நாங்க குடி வந்தப்போ. மெக்கானிக் எதுக்கு, நான் இல்லையான்னு கேட்டான். அவருக்குத் தம்பின்னா உசுரு, சரின்னுட்டாரு."

திரும்பும் வழியில் ஹவ்வாஸால் பொறுக்க முடியவில்லை. "நம்ம கட்சிக்காரி சொல்றதை யார் மேடம் நம்புவாங்க? காலைல துடைச்சேன்னு இப்ப சொன்னா, நாமதான் சொல்லிக் கொடுத்தோம்பாங்க."

"அவ சொல்ல வேண்டாம். நிபுணர் சொல்லுவாரு," என்றாள் ஜுலைக்கா. அன்று மாலை முழுவதும் வழக்குக் கோப்பிலிருந்த புகைப்படம் ஒன்றையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த அமர்வில் மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அப்துல்ஹக்கின் தாய் ஹாஜா ஜெம்ஆ, வெள்ளைப் போர்வைக்குள் முகம் மட்டும் தெரிய, மகன் லாயித்தின் தோளில் சாய்ந்திருந்தாள். கூண்டுக்குள் நுவாரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கு புதிய வக்கீலின் கைக்கு வந்திருந்ததால், நிபுணரையும் லாயித்தையும் மறுபடி விசாரிக்கத் தலைமை நீதிபதி அனுமதித்தார்.

பூகர்ரா நேர்மையான மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

"கேஸ் எரிஞ்சா புகையோட வேற என்ன வரும், எஞ்சினியர்?"

"நீராவி. நிறைய வரும்."

"குழாய் வாயில துணி அடைச்சு, ஒரு ராத்திரி முழுக்க ஹீட்டர் எரிஞ்சா, துணியோட அடிப்பக்கம் எப்படி இருக்கும்?"

"ஈரமா இருக்கும். மஞ்சளாவோ கருப்பாவோ கறை பிடிச்சிருக்கும்."

"மேல்பக்கம்? மூடி இல்லாத குழாய். விடியற வரைக்கும் பனிமழை பெஞ்சதுன்னு தீயணைப்பு அதிகாரியும் சாட்சி சொல்லியிருக்காரு."

பூகர்ரா பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "நனைஞ்சிருக்கணும்."

"நீங்க பார்த்தப்போ எப்படி இருந்துச்சு?"

"காய்ஞ்சிருந்தது. சோப்பு வாசனையோட."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். ஜுலைக்கா குரலை உயர்த்தவில்லை.

"அப்போ அந்தத் துணி குழாய்க்குள்ள எப்போ போயிருக்கும்?"

"மழை நின்னப்புறம். ஹீட்டரை நிறுத்தினப்புறம்." அவரே விளக்கினார்: "அதாவது, அவர் இறந்தப்புறம்."

ஜுலைக்கா படத்தை நீட்டினாள். "அறைக்குள்ள குழாய் இணைப்பு. டேப் எப்படி இருக்கு?"

"புதுசு. பளபளன்னு இருக்கு."

"அதுக்குப் பின்னாடி சுவரு?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "கருப்பா இருக்கு. புகைக்கரி. மேலே குழாய் அடைச்சிருந்தா கேஸ் கீழே ஹீட்டர் வழியாத்தான் வெளிய வரும். இந்த இடத்துல கரி படியாது. இணைப்பு விட்டுப்போய், புகை இங்கேயே கொட்டியிருந்தாத்தான் படியும். அப்புறம் யாரோ திரும்பச் சேர்த்து டேப் சுத்தியிருக்காங்க." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "துணியைப் பார்த்ததும் நான் மத்ததைத் தேடல. தேடியிருக்கணும்."

ஜுலைக்கா நீதிபதிகளின் பக்கம் திரும்பினாள். "கணவர் செத்தது விபத்துல. கொலைன்னு காட்டுற துணி அதுக்கப்புறம் வந்தது. நுவாரா அலறின நிமிஷத்துலேருந்து தெருவுல பொம்பளைங்க கையில இருந்தா. அவங்களே சாட்சி சொல்லியிருக்காங்க. தீயணைப்பு வர்ற வரைக்கும் அந்த அறையில தனியா இருந்தவர் ஒருத்தர்தான். ஹீட்டரை மாட்டினவரும் அவர்தான். குழாய் அடைஞ்சதுன்னு ஊரே பேசினப்போ, இந்தக் கோர்ட்டுல 'கழண்டா'ன்னு சொன்னவரும் அவர்தான். கழண்டதைக் கண்ணால பார்த்தவருக்குத்தான் அந்த வார்த்தை வரும்."

லாயித்தைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான். தாயின் கை அவன் தோளிலிருந்து நழுவியது.

"தொங்கிட்டு இருந்துச்சு," என்றான். "நான் உள்ள போனப்போ குழாய் தொங்கிட்டு இருந்துச்சு. நான் மாட்டின குழாய். அண்ணன் கட்டில்ல... நான் டேப்பை எடுத்து சுத்தினேன். சுத்தினப்புறம்தான் தோணிச்சு, இப்ப குழாய் நல்லா இருக்கு, அப்போ அண்ணன் எப்படி செத்தான்னு கேப்பாங்களே. கைக்குக் கிடைச்ச துணியை எடுத்துட்டு மாடிக்கு ஓடினேன். தெருப் பசங்க விளையாட்டா அடைச்சுட்டாங்கன்னு நினைப்பாங்கன்னு நினைச்சேன். அவளைப் பிடிப்பாங்கன்னு சத்தியமா நினைக்கல, யம்மா."

"பிடிச்சப்புறம்?" என்று கேட்டார் தலைமை நீதிபதி.

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்." அவன் கூண்டைப் பார்க்கவில்லை. "தினமும் அப்படித்தான் இருந்தேன்."

நீதிபதிகள் உள்ளே போய் வந்தார்கள். நுவாரா நிரபராதி என்று வாசிக்கப்பட்டபோது தாவூஸ் ஓவென்று அழுதாள். நுவாரா அழவில்லை. கூண்டின் கதவைத் திறந்துவிட்ட காவலர், "வாம்மா, வெளிய வா," என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மறுபக்கத்தில் லாயித்தின் கையில் விலங்கு மாட்டினார்கள்.

தாழ்வாரத்தில் ஹவ்வாஸ் வந்தவர் போனவர் எல்லோரிடமும் துணியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜுலைக்கா அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். வெற்றி பெற்ற முகமாக அது இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்," என்றாள் நுவாரா அவளிடம். "அன்னிக்கு சண்டை போடாம இருந்திருந்தா, நானும் ரீமாவும் அதே அறையிலதானே படுத்திருப்போம்?"

"ஆமாம்."

"சரி," என்றாள் நுவாரா.

கூட்டம் விலகியது. ஹாஜா ஜெம்ஆ ரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் அமர்வில் இதே இடத்தில் மருமகளின் முகத்தில் துப்பியவள் அவள். தாவூஸ் குறுக்கே வந்து நின்றாள். நுவாரா அக்காவை மெல்ல ஒதுக்கினாள். குழந்தை தாயை அடையாளம் தெரிந்தும் தெரியாததுபோல நின்றது.

கிழவி மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று ஜுலைக்கா நினைத்தாள். அவள் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு, கடைத்தெருவில் வழி கேட்பவளைப்போலக் கேட்டாள்:

"அவனுக்குச் சாப்பாடு கொண்டு போகணும். எந்த நாள்ல உள்ள விடுவாங்க? உனக்குத்தான் தெரியும்."

நுவாரா அவளைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை, அத்தை. காலைலயே போய் வரிசையில நிக்கணும். கண்ணாடிப் பாத்திரம் விட மாட்டாங்க." குனிந்து மகளின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். "கம்பளிச் சாக்ஸ் வச்சு அனுப்புங்க. தரை ரொம்பக் குளிரும்."